எல்லா யானையும் ஒரே யானை இல்லை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு எங்கு போனாலும் குரங்குக் கதைதான். அடுத்த மாதம், மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, அவரவர் வளவிலும் தோட்டத்திலும் கண்ணில் படுகிற குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணித் தரச்சொல்லி அரசாங்கம் நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றையும் நடத்தியது.

எண்ணுவதில் எனக்கு மறுப்பில்லை. தென்னையில் ஒரு குரும்பை நிற்கவிடாமல் பிடுங்கி எறிகிற கூட்டத்தோடு காலம் தள்ளுகிறவர்களின் வயிற்றெரிச்சல் உண்மையானது. கொழும்பில் இருந்துகொண்டு அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ‘எத்தனை’ என்று கேட்கிற நாம் ‘எது’ என்று கேட்பதே இல்லை. ஒரே காட்டில், ஒரே கூட்டத்தில், ஒரே வயதில் இருக்கிற இரண்டு விலங்குகள் ஒரே ஆபத்தை இரண்டு விதமாகத் தாங்குகின்றன. ஒன்று முந்திப் பாய்ந்து எதிர்க்கும், ஒன்று ஒடுங்கி நின்று பார்க்கும், இன்னொன்று வெளியே எதையும் காட்டாமல் உள்ளுக்குள் கருகிப் போகும். அன்றைக்கு ஒரு நாள் அப்படி நடந்துகொண்டது என்றில்லை, பல விலங்குகளில் இது வருடக்கணக்காக மாறாமல் இருக்கிற சுபாவம். இதைக் கணக்கில் எடுக்காமல் நாம் எடுக்கிற முடிவுகள் விலங்குக்கும் கூடாமல் மனிதருக்கும் கூடாமல் முடிகின்றன என்பதுதான் கொஞ்சக் காலமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

நெடுங்கேணிப் பக்கம் வயல் செய்கிற என் சித்தப்பாவுக்கு இதெல்லாம் புதிய விஷயமே இல்லை. அறுவடைக்கு முந்திய வாரங்களில் இரவிரவாகக் காவல் குடிலில் இருக்கிறவர். ‘எல்லா யானையும் ஒரே யானை இல்லைப் பிள்ளை,’ என்பார். ‘ஒருத்தன் ரோச் வெளிச்சம் பட்டாலே திரும்பிப் போயிடுவான். ஒருத்தன் வெடி போட்டாலும் காதை ஆட்டிக்கொண்டு நிண்டு பாத்துப்போட்டு, வெடி முடிஞ்சாப்பிறகு ஆறுதலா வருவான். இன்னொருத்தன் இருக்கிறான், அவனுக்கு வெடியே போடக்கூடாது. சத்தம் வந்த பக்கமாத்தான் வருவான்.’ மூன்றாவது ஆளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தாழும். அந்த வித்தியாசம் தெரியாமல் ஒருவர் அங்கே காவலுக்குப் போனால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லை.

சித்தப்பாவுக்குத் தெரிந்த இந்த விஷயம் அறிவியலுக்குள் வருவதற்கு நிறையக் காலம் எடுத்தது. அழுத்தம் என்று இன்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்கிறோமே, அந்தக் கருத்தை உடலியலுக்குள் கொண்டுவந்தவர் ஹான்ஸ் செலியே. 1936இல் மொன்றியலில் இருந்து அவர் எழுதிய குறுங்கட்டுரையின் சாரம் இதுதான்: எலியைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், நஞ்சு கொடுத்தாலும், அதன் உடல் ஒரே மாதிரியான மாற்றங்களையே காட்டுகிறது. தீங்கு பலவாக இருந்தும் பதில் ஒன்றாக இருக்கிறது என்பது அந்தக் காலத்தில் பெரிய கண்டுபிடிப்பு. பாலூட்டிகளில் அந்தப் பொதுப் பாதை இன்று நன்றாகவே தெரியும். மூளை ஆபத்தை உணர்ந்ததும் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் செய்தி போகும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற அதிரினல் சுரப்பிக்குப் போகும், அது கோர்ட்டிசோல் போன்ற அழுத்த ஹோர்மோனை இரத்தத்தில் விடும். உடனே சர்க்கரை இரத்தத்துக்கு வரும், செரிமானம், வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடப்படும். ஓடித் தப்புகிற சில நிமிடத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. மாதக்கணக்கில் அணையாமல் எரிந்தால்தான் உடல் தேயும்.

பாதை பொதுவானது, சரி. ஆனால் அதில் யார் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள், எப்போது திரும்பி வருகிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நெதர்லாந்தின் கிரோனிங்கனில் யாப் கூல்ஹாஸும் கூட்டாளிகளும் காட்டில் பிடித்த சுண்டெலிகளின் வழிவந்தவற்றை வைத்து இதை விரிவாகப் பார்த்தார்கள். 1999இல் அவர்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரை இந்தத் துறையையே திருப்பிவிட்டது. மின்சாரம் பாய்கிற சிறு கம்பி ஒன்றைக் கூட்டுக்குள் நீட்டினால், சில எலிகள் மரத்தூளை அள்ளி அள்ளிப் போட்டு அதைப் புதைத்துவிடும். சில எலிகள் எட்டத்து மூலையில் அசையாமல் உறைந்து இருக்கும். முதல் வகை முந்திச் செயல்படுகிற வகை. சண்டைக்கும் முந்தும், ஒரு வழக்கத்தைப் பிடித்தால் விடாது. இரண்டாவது வகை சூழலைப் பார்த்துப் பதில் கொடுக்கிற வகை. வெளியே கோழை மாதிரித் தெரிந்தாலும், சூழலில் ஒன்று மாறினால் முதலில் கவனிப்பது அதுதான். மாற்றத்துக்கு ஏற்ப நடையை மாற்றிக்கொள்வதும் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஸ்கொட்லாந்துத் தீவுகளில் சாம்பல்நிறக் கடல்நாய்கள் மீது நடந்தது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வருடத்தின் பெரும்பகுதி கடலில் இருக்கிற இந்தத் தாய்கள் இலையுதிர் காலத்தில் குட்டி போடுவதற்காகக் கரைக்கு வருகின்றன. பால் கொடுக்கிற காலம் ஏறத்தாழ 18 நாள்தான். அந்த 18 நாளும் தாய் ஒன்றும் சாப்பிடாது. பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு. குட்டி ஊதி ஊதிப் பெருக்க, தாய் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து தோலும் மடிப்புமாகக் கடலுக்குத் திரும்பும். இத்தனைக்கும் நடுவில் பக்கத்துத் தாய்களோடு இடச்சண்டை, ஆண்களின் தொல்லை, மழை, சேறு. ஒரு தாய் எப்படி அழுத்தத்தைத் தாங்குகிறது என்று பார்ப்பதற்கு இதைவிடக் கடுமையான 18 நாள் கிடைக்காது.

டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஷோன் ட்விஸும் அவருடைய குழுவும் தூரத்திலிருந்து இயக்குகிற சிறு வாகனம் ஒன்றைச் செய்து, அதை ஒரு தாயின் அருகே மெல்ல ஓட்டிக்கொண்டுபோய், அதிலிருந்து ஓநாய் ஊளையிடும் ஒலியை ஒலிக்கவிட்டார்கள். அந்தத் தீவுகளில் ஓநாய் கிடையாது, எந்தத் தாயும் அதைக் கேட்டுப் பழகியிருக்க வழியில்லை. பிறகு அவர்கள் எண்ணியது ஒரு சின்ன விஷயத்தை. தாய் எத்தனை தடவை தலையைத் தூக்கித் தன் குட்டியைத் திரும்பிப் பார்க்கிறது? சில தாய்கள் திரும்பத் திரும்பப் பார்த்தன, சில ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரே தாயைத் திரும்பச் சோதித்தபோது பெரும்பாலும் அதே பதில்தான் வந்தது. பதற்றப்படுகிறவள் மறுபடியும் பதறினாள், அசையாதவள் மறுபடியும் அசையவில்லை.

அப்புறம் ஸ்கொட்லாந்தின் மேய் (May) என்ற தீவில் தாய்களின் முதுகு மயிரில் சிறிய இதயத்துடிப்புக் கருவிகளை ஒட்டினார்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து, ஒரு தாய் முந்திச் செயல்படுகிற வகையா, பார்த்துப் பதில் கொடுக்கிற வகையா என்று பிரித்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவுதான் என்னை உட்காரவைத்தது. முந்திச் செயல்படுகிற தாய்கள் குட்டிக்காகச் செலவழித்தது ஏறக்குறைய ஒரே அளவு. நல்ல இடம் கிடைத்தாலும் கெட்ட இடம் கிடைத்தாலும் அவை தங்கள் பாட்டில் நடுத்தரமாகக் கரையேறின. பார்த்துப் பதில் கொடுக்கிற தாய்கள் அப்படியில்லை. அவற்றில் சில மற்ற எல்லோரையும்விடச் சிறப்பாகக் குட்டி வளர்த்தன, சில மிக மோசமாகச் சரிந்தன. சூழலைச் சரியாகப் படித்தால் கொள்ளை லாபம், பிழையாகப் படித்தால் பெரும் நட்டம். அமைதியானவர்கள் வெல்வார்கள், பதறுகிறவர்கள் தோற்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கிற கதை அங்கே இல்லை. அதனால்தான் இரண்டு வகையும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கனடாவின் ராம் மலையில் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரப்படுகிற பெருங்கொம்புச் செம்மறிகளிலும் இதே மாதிரித்தான். பூமா அதிகம் வேட்டையாடிய வருடங்களில் துணிச்சலான பெட்டைகளே கூடுதலாகத் தப்பின. பூமா இல்லாத வருடங்களில் துணிச்சலால் அப்படி ஒரு ஆதாயம் தெரியவில்லை.

வெளியே தெரிகிற அமைதியை நம்பிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும். அமெரிக்காவின் மினசோட்டாவில் கறுப்புக் கரடிகளின் உடலில் இதயத்துடிப்புக் கருவி வைத்து, அவற்றுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். 2015இல் வெளியான ஆய்வு அது. பெரும்பாலான கரடிகள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. பார்க்கிறவர் ‘அதுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். உள்ளே துடிப்பு எகிறியிருந்தது. குட்டிகளோடு இருந்த ஒரு தாய்க்கரடியின் இதயம் நிமிடத்துக்கு 40 சொச்சத்திலிருந்து 160ஐத் தாண்டியது. யால, மின்னேரியா பக்கம் எடுத்த யானைக் கூட்டத்து ட்ரோன் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கரடியின் நினைவு வருகிறது. அசையாமல் நிற்கிற யானைக்குள் என்ன நடக்கிறது என்று படம்பிடிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

இதைப் பார்ப்பதற்கு ஸ்கொட்லாந்து வரை போகவேண்டும் என்றும் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் பல்கனிக்கு நேரே பக்கத்து வளவு மாமரம். அதில் வால் நுனி அறுந்த ஒரு அணிலும், அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்றும் நிரந்தரவாசிகள். காகம் கிட்ட வந்தால் வாலறுந்தது கிளை நுனிக்கே வந்து, உடம்பெல்லாம் குலுங்க, வாலை உதறி உதறிக் கத்தும், காகம் போகும்வரை விடாது. சின்னது தண்டின் மறுபக்கத்துக்கு நழுவி, நான்கு காலையும் விரித்துப் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொள்ளும். கிட்டப் பார்த்தால் விலா மட்டும் படபடவென்று அடிக்கும். தீபாவளி இரவு ஒழுங்கை முழுக்க வெடி. அடுத்த நாள் விடிய வாலறுந்தது வழமைபோல மதிலில் ஓடித் திரிந்தது, சின்னது மத்தியானம்வரை கண்ணில் படவில்லை. ஒரு மாமரத்தை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன். ஆனால் இந்த இரண்டையும் பார்த்த பிறகு ‘அணில் வெடிக்குப் பயப்படுமா’ என்று யாராவது கேட்டால், எந்த அணில் என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

பபூன் குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அமெரிக்க அறிவியலாளர் ரொபர்ட் சபோல்ஸ்கி கென்யாவில் 1970களின் இறுதியிலிருந்து வருடா வருடம் போய், ஊதுகுழலால் மயக்க ஊசி எய்து, பபூன்களின் இரத்தம் எடுத்தவர். பிடிபடுவதே கோர்ட்டிசோலை ஏற்றிவிடும் என்பதால் அந்தப் பபூனுக்குத் தெரியாமல் எய்யவேண்டும், விழுந்த கையோடு இரத்தத்தை எடுத்துவிடவும் வேண்டும். அவர் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது கூட்டத்துக்குள் யார் மேலே, யார் கீழே என்ற தரவரிசைக் கதை அல்ல. ஒரே தரத்தில் இருந்த ஆண்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருந்தது. எதிராளி உண்மையில் மிரட்டுகிறானா, சும்மா பக்கத்தில் படுத்துக் கிடக்கிறானா என்று பிரித்து அறியத் தெரிந்த ஆண்களுக்குக் கோர்ட்டிசோல் குறைவு. எதிராளி கண்ணில் பட்டாலே கொதிக்கிற ஆண்களுக்கு எப்போதும் அதிகம். கென்யாவின் அம்போசெலியில் இன்னொரு குழு பல வருடம் சாணம் சேகரித்து, அதிலுள்ள அழுத்த ஹோர்மோனின் எச்சங்களை அளந்து, இருநூறுக்கும் மேற்பட்ட பெண் பபூன்களின் வாழ்நாளோடு ஒப்பிட்டது. எப்போதும் உயர்ந்த அளவில் இருந்த பெண்கள் தாழ்ந்த அளவில் இருந்தவர்களைவிட 5 வருடம் அளவுக்குக் குறைவாக வாழும் என்று 2021இல் எழுதினார்கள். ஒரு பபூனுக்கு 5 வருடம் என்பது ஒன்றிரண்டு குட்டியை வளர்த்து ஆளாக்குகிற காலம்.

கொழும்பிலும் இப்படி ஒரு சோதனை யாரும் திட்டமிடாமலே நடந்துகொண்டிருக்கிறது. 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது. பத்தரமுல்லை, ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே பக்கத்துச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனைகள் இன்னும் இருக்கின்றன. கழுத்துப்பட்டி பூட்டிப் பின்தொடர்ந்தபோது, அவற்றில் சில கூரை வழியே போய், மதில் தாண்டி, வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் அலங்கார மீன் பிடிப்பது தெரியவந்தது. எல்லாப் பூனையும் அதைச் செய்யாது. நாயும் வாகனமும் வெளிச்சமும் நிறைந்த ஊருக்குள் இறங்க ஒரு தனிச் சுபாவம் வேண்டும். அப்படி இறங்குகிற பூனையைப் பிடித்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது இயல்புதான். யானை விஷயத்தில் நாம் பல காலமாகச் செய்துவருவதும் அதையேதான், அதன் விளைவும் நமக்குத் தெரியும்.

அந்த விளைவைக் காட்டியது யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு. ஊருக்குள் வந்து தொல்லை கொடுத்த ஆண் யானைகளை மயக்க ஊசி போட்டு, லொறியில் ஏற்றி, வனசீவராசிகள் திணைக்களம் தேசியப் பூங்காக்களில் கொண்டுபோய் விட்டது. அவற்றில் 12 யானைகளுக்கு ஜிபிஎஸ் கழுத்துப்பட்டி பூட்டி, இடம் மாற்றப்படாத வேறு 12 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். ஒரே நாடு, ஒரே பாலினம், ஒரே நடைமுறை. நடந்தது மூன்று விதம். சில யானைகள் பிடிபட்ட இடத்தை நோக்கித் திரும்பி நடந்தன. சில எங்கும் தரிக்காமல் அலைந்தன. சில மட்டும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக வாழத் தொடங்கின. மொத்தத்தில் பார்த்தால் மோதல் குறையவில்லை, கூடியது, இடம் மாற்றப்பட்ட யானைகள் கூடுதலாகச் செத்தன. சித்தப்பா சொன்ன மூன்று ஆட்களும் இந்த மூன்று வகையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. கழுத்துப்பட்டி பூட்டி, வருடக்கணக்கில் செலவழித்த பிறகுதான் நமக்குத் தெரியவந்தது என்ன? ஊசி போடுவதற்கு முன்பே அந்த யானை யார் என்று கேட்டிருக்கவேண்டும் என்பது.

இன்னொரு ஆய்வு இந்தியாவிலிருந்து. கர்நாடகத்தில் சஞ்சீதா ஷர்மா பொக்கரெலும் ராமன் சுகுமாரும் மற்றவர்களும் யானைச் சாணத்தை எடுத்துக் கோர்ட்டிசோலின் எச்சங்களை அளந்தார்கள். பயிர் மேய வருகிற யானைகள்தான் பயத்தில் வெந்துகொண்டிருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்போம். அவற்றுக்கு அளவு குறைவாக இருந்தது. நல்ல தீனி கிடைப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். வெடியும் ரோச்சும் கத்தலும் தாங்கிக்கொண்டு நெல்லுக்கு வருகிற யானையின் உடல், காட்டுக்குள் பாதிப் பசியில் நிற்கிற யானையின் உடலைவிட அமைதியாக இருக்கலாம் என்றால், இன்னும் இரண்டு வெடி சேர்த்துப் போடுவதால் அது நின்றுவிடும் என்று எதை நம்பிச் சொல்கிறோம்?

எனக்கு இதில் கோபம் வருகிறது. ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கும் அதிகமான மனிதர்களும் இந்த மோதலில் சாகிற நாட்டில், யானை என்பது ஒரு எண்ணாகத்தான் இன்னும் பேசப்படுகிறது. எந்தத் தனியன் வேலியைத் தந்தத்தால் தள்ளும், எது மரக்கட்டையைத் தூக்கிப் போட்டு உடைக்கும், எது வேலிக் கம்பியைக் கண்டாலே விலகும் என்று சொல்லக்கூடிய ஆட்கள் ஒவ்வொரு எல்லைக் கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, படத்தோடும் காதின் கிழிசலோடும் ஒரு பதிவேடு வைத்திருப்பதற்கு மயக்க ஊசியின் செலவுகூட ஆகாது. இடம் மாற்றித்தான் ஆகவேண்டும் என்ற கட்டம் வந்தால்கூட, முன்னும் பின்னும் சாணம் எடுத்துப் பார்க்கலாம், கழுத்துப்பட்டி பூட்டாமல் எந்த யானையையும் லொறியில் ஏற்றுவதில்லை என்று ஒரு விதி வைக்கலாம். 2020இல் பெர்னாண்டோ தலைமையிலான ஜனாதிபதிக் குழு தயாரித்த தேசியத் திட்டம், யானையைத் துரத்திப் பூங்காவுக்குள் அடைப்பதற்குப் பதிலாகக் கிராமத்தைச் சுற்றியும், பயிர் நிற்கிற மாதங்களில் வயலைச் சுற்றியும் வேலி போடச் சொல்கிறது. துணிந்த யானையோ பயந்த யானையோ, எந்த வகைக்கும் வேலி ஊரோரமாக இருப்பதுதான் பொருந்தும், ஏனென்றால் பராமரிக்கிற ஆளும் அங்கேதான் இருக்கிறார். அந்தத் திட்டத்துக்கு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.